மேடையேறிய எழுத்து

சாந்திநிகேதன் என்றதும் நமக்கெல்லாம் தாகூரின் தாடிதான் ஞாபகம் வரும். அந்த ஊரைச் சுற்றி சந்தாலி பேசும் ஆதிவாசிக் கிராமங்கள் நிறைய என்பது பலருக்குத் தெரியாது. வங்காள ஜாத்ராவும் சந்தால் ஆட்டமும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி வாழும் மண் அது. ரிச்சர்ட்ஸ் டவுனில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. கடைசியில் சொல்கிறேன்.

தாகூர் 1901-ல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கினார். அடுத்த வருடமே நாடக மேடை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வரைந்த திரைச்சீலை, இழுத்துக் கட்டிய காட்சி ஜோடனை எல்லாம் எதற்கு, ஜாத்ராவில் ஆடுகிறவனுக்கும் பார்க்கிறவனுக்கும் நடுவே அந்தச் சுவர் இல்லையே என்பது அவர் கேள்வி. காடு வேண்டுமென்றால் ரசிகன் மனசிலேயே காடு முளைக்கும் என்ற நம்பிக்கை. நம் தெருக்கூத்துக்காரருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, இல்லையா?

சந்தால்களிடம் 'சதர் பதர்' என்றொரு பொம்மலாட்டம் இருக்கிறது. துணி போர்த்திய சின்னப் பெட்டி, உள்ளே மரப்பொம்மைகள். கயிற்றை இழுத்தால் பொம்மைகள் வரிசையாக ஆடும். மரம், கயிறு, துணி, பாட்டு. அவ்வளவுதான் செலவு. சுற்றுச்சூழலைக் கெடுக்காத கலை என்று இன்று நாம் பெயர் வைப்பதை அவர்கள் பெயர் வைக்காமலே செய்துவந்திருக்கிறார்கள்.

பிறகு வந்தவர் பாதல் சர்க்கார் (1925-2011). நம்மைப் போல வேலைக்காக ஊரைவிட்டுப் போனவர்தான். நைஜீரியாவில் நகரமைப்புப் பொறியாளராக இருந்துவிட்டு கல்கத்தா திரும்பினார். அவருடைய 'மூன்றாம் அரங்கு' மூன்று விஷயங்களைக் கேட்டது: எங்கேயும் ஆடலாம், தூக்கிக்கொண்டு போகலாம், செலவு குறைவு. குழுவோடு கிராமம் கிராமமாக நடந்தே போய் ஆடினார். 1980-ல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் அவர் நடத்திய பயிற்சி முகாம் தமிழ் நவீன நாடகக்காரர்களை உலுக்கிவிட்டது. இன்றைக்கும் பர்த்வான் பக்கம் சாத்கஹானியா என்ற சிற்றூரில் 'தேபாந்தர்' என்று ஒரு நாடக கிராமமே இருக்கிறது.

ஆனால் என்னை அதிகம் பாதித்தது இவர்கள் யாருமில்லை, ஒரு பள்ளி வாத்தியார். பெயர் ரகுநாத் முர்மு. 1905-ல் ஒடிசாவின் மயூர்பஞ்சில் பிறந்தவர். அன்றைக்கு சந்தாலிக்கென்று சொந்த எழுத்து பரவலாக இல்லை. வங்காளத்தில் இருப்பவன் வங்காள எழுத்திலும், ஒடிசாக்காரன் ஒடியாவிலும், பீகார்க்காரன் தேவநாகரியிலும், பாதிரிமார்கள் ரோமன் எழுத்திலும் எழுதினார்கள். பேச்சு ஒன்று, எழுத்து நாலு. ஒருவன் எழுதிய கடிதத்தை இன்னொருவன் படிக்க முடியாது.

1925-ல் முர்மு 30 எழுத்துகள் கொண்ட 'ஒல் சிக்கி'யை உருவாக்கினார். சரி, அதை எப்படி ஊர் ஊராகக் கொண்டுபோவது? அரசாங்கம் பின்னால் இல்லை, பாடநூல் நிறுவனம் இல்லை. மனுஷன் நாடகம் எழுதினார்! 1942-ல் வந்த 'பிது சந்தன்' ஒரு காதல் கதை. காதலர்கள் இருவரும் தங்களுக்குள் சேதி சொல்லிக்கொள்ள ஓர் எழுத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்த எழுத்துதான் ஒல் சிக்கி. கதை புரிய வேண்டுமென்றால் எழுத்தின் மேல் ஆசை வந்தே தீரும். எப்பேர்ப்பட்ட யோசனை பாருங்கள்!

பலன் மெதுவாகத்தான் வந்தது. முர்மு 1982-ல் காலமானார். 2003-ல் அரசியல் சட்டத்தின் 92-வது திருத்தம் சந்தாலியை எட்டாவது அட்டவணையில் சேர்த்தது. 2008-ல் ஒல் சிக்கி யூனிகோடில் ஏறியது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சந்தாலி பேசுபவர்கள் 73 லட்சத்துக்கும் மேல்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். இங்கே எங்கள் தெருவிலும் பக்கத்து காக்ஸ் டவுன், ஃப்ரேசர் டவுனிலும் தமிழ் காதில் விழாத நாளே கிடையாது. பிள்ளைகள் நன்றாகவே பேசுகிறார்கள். எழுதச் சொன்னால்தான் 'அம்மா' ஆங்கில எழுத்தில் வருகிறது. துபாயிலும் நியூ ஜெர்சியிலும் இருக்கும் உங்கள் வீட்டில் மட்டும் வேறு மாதிரியா என்ன? முர்மு எதிர்கொண்ட அதே சிக்கல், தலைகீழாக. அவர் சனத்துக்கு எழுத்து இல்லாமல் இருந்தது. நமக்கு ஈராயிரம் வருடத்து எழுத்து இருந்தும் அடுத்த தலைமுறையின் கைக்குப் போகவில்லை.

வார இறுதித் தமிழ் வகுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே இதையும் செய்து பார்க்கலாம். மொட்டை மாடியில் நாலு பிள்ளைகளை வைத்து ஒரு சின்ன நாடகம் போடுங்கள். மைக் வேண்டாம், திரை வேண்டாம், பாட்டியின் பழைய புடவை போதும். கதையில் ஒரு கடிதம் மட்டும் இருக்கட்டும், தமிழில் எழுதியது. அதைப் படித்தால்தான் அடுத்த காட்சி.

எழுத்து தெரியாதவனைத் திட்டித் திருத்த முர்மு போகவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலைக் கிளப்பிவிட்டார். நம் பிள்ளைகளுக்கும் அது வேலை செய்யும் என்றுதான் தோன்றுகிறது.