பானையின் அடியில் ஒரு பெயர்

அரண்மனை என்று பெயர், கட்டியதோ மண்ணால். அமெரிக்க நாட்டின் நியூ மெக்சிகோ மாநிலத் தலைநகராம் சாண்டா ஃபே நகரில், சதுக்கத்தின் வடபுறத்தே நீண்டு தாழ்ந்து கிடக்கிறது அந்தக் கட்டடம். 1610 அளவில் ஸ்பெயின் நாட்டு ஆளுநர்கள் தமக்கென எழுப்பியது. முகப்பிலே மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம். அந்தத் தாழ்வாரத்திலே, சுவரில் முதுகு சாய்த்து, தரையிலே கம்பளம் விரித்து, அதன்மீது கலயமும் கிண்ணமும் அணிகலனும் பரப்பி, வருவோர்க்கு விலை சொல்லி அமர்ந்திருக்கின்றனர் பழங்குடி மக்கள்.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பானையை எடுக்கின்றனர், திருப்பிப் பார்க்கின்றனர், பணம் கொடுத்து வாங்கிச் செல்கின்றனர். நாம் காண விழைவது பானைக்குப் பின்னே அமர்ந்திருப்பவரை. தன் கையால் வனைந்த பொருளுக்குத் தன் வாயால் விலை சொல்ல, அந்த இடத்தில் அவர் வந்து அமர்வதற்கு எத்தனை தலைமுறை ஆயிற்று என்பதை!

‘இந்தியச் சந்தை’ என்று அந்த ஊரின் கோடைச் சந்தைக்குப் பெயர். நம் நாட்டுப் பண்டம் விற்கும் இடமோ என்று தோழர்கள் மயங்கவேண்டா. இந்தியாவைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ் வழிதவறிப் போய்ச் சேர்ந்த இடத்திலே, கண்டவரை எல்லாம் இந்தியர் என்றான். தவறு தெரிந்தபின்னும் பெயர் நீங்கவில்லை. பின்னாளில் நம்மவர் ஏடுகளிலும் ‘செவ்விந்தியர்’ என்றே எழுதினோம். அவர்களுக்கோ தத்தம் ஊரால், தத்தம் மொழியால் பெயர் உண்டு. ரியோ கிராண்டி ஆற்றங்கரை ஊர்களில் மண்வீடு கட்டி, சோளம் பயிரிட்டு வாழ்ந்த மக்களை ஸ்பானியர் ‘புவெப்லோ’ என்றனர். ஊர் என்பதே அச்சொல்லின் பொருள்.

அந்த ஊரார் மண் அரண்மனைக்குப் புதியவர்கள் அல்லர். 1675-ல், சூனியம் வைத்தனர் எனக் குற்றஞ்சாட்டி 47 பேரைப் பிடித்தது ஸ்பானிய ஆட்சி. சிலரைத் தூக்கிலிட்டது, மற்றவர் முதுகில் சவுக்கு விளையாடியது. அடிபட்டவருள் ஒருவர் போப்பே. ரோமாபுரிப் போப் அல்லர். அந்தப் போப்பின் பேரால் ஆண்டவர்களை விரட்டியவர்! முடிச்சிட்ட கயிறுகளை ஏந்தி ஊர் ஊராக ஓடினர் தூதர். நாளுக்கு ஒரு முடிச்சு அவிழ்ப்பது. முடிச்சுத் தீர்ந்த அன்று எழுவது. 1680 ஆகஸ்டில் ஊர்கள் ஒருசேர எழுந்தன. ஸ்பானியர் நகரைவிட்டு ஓடினர். பன்னிரண்டு ஆண்டுகள் அந்த அரண்மனை மண்ணின் மைந்தர் வசம் இருந்தது. 1692-ல் ஸ்பானியப் படை திரும்பியது. 1694-ல் சான் இல்டஃபான்சோ என்னும் ஊரார் தம் ஊரருகே நிற்கும் கருங்குன்றின்மீது ஏறி, மாதக்கணக்கில் எதிர்த்து நின்று, பின்னரே இறங்கினர்.

அந்தச் சான் இல்டஃபான்சோவிலேதான் 1887 அளவில் பிறந்தார் மரியா. டேவா மொழியில் போவேகா. சிற்றன்னை முறையான உறவினர் ஒருவர் பானை வனைவதைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்துக் கற்ற சிறுமி.

அவர் கற்ற காலமோ, பானைக்குக் கேடுகாலம். 1880-ல் சாண்டா ஃபேக்கு இரயில் வந்தது. இரயிலோடு தகரக் குவளையும் இரும்புச் சட்டியும் வந்தன. விழுந்தால் உடையாத பாத்திரம் கிடைக்கும்போது, விழுந்தால் உடையும் பாத்திரத்தை எவர் வாங்குவார்? அதே இரயில் இன்னொரு சரக்கையும் இறக்கியது: வேடிக்கை பார்க்கும் செல்வர்களை. அவர்களுக்குத் தண்ணீர்க்குடம் தேவையில்லை. பெட்டியில் வைத்து எடுத்துப்போகச் சின்னஞ்சிறு பொருள் தேவை. வணிகர்கள் கேட்டனர், ஊரார் செய்தனர். டெசூக்கே ஊரில் ‘மழைத்தெய்வம்’ என்ற பொம்மைகள் கூடை கூடையாக வனையப்பட்டன. அவ்வூரார் வணங்கிய தெய்வம் அன்று அது. வணிகன் விற்ற தெய்வம்! தெய்வம் உண்டாகும் வகையை ஆராய்வோர்க்கு இந்த ஒரு பொம்மை போதும்.

1904-ல் மரியாவும் ஜூலியன் மார்ட்டினெஸும் மணந்தனர். மணமக்கள் சென்ற இடம் செயின்ட் லூயி நகரின் உலகப் பொருட்காட்சி. விருந்துக்கா சென்றனர்? காட்சிக்கு! கூட்டத்தின் நடுவே மரியா பானை வனைய, வந்தவர் பார்த்தனர். அதே பொருட்காட்சியில் பிலிப்பைன்ஸ் தீவு மக்கள் ஆயிரம் பேருக்குமேல் கொண்டுவந்து வைக்கப்பட்டிருந்தனர். காங்கோ நாட்டு ஓட்டா பெங்காவும் அங்கே ஒரு காட்சிப்பொருள். அமெரிக்கப் படையை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்த அப்பாச்சி வீரர் ஜெரோனிமோ, போர்க்கைதியாக அழைத்துவரப்பட்டு, தம் கையெழுத்தையும் படத்தையும் காசுக்கு விற்றுக்கொண்டிருந்தார். மனிதனே பொருளாக நின்ற சந்தை அது. பானைக்கு விலை கேட்குமுன், பானை செய்பவளைப் பார்க்கக் கட்டணம் வாங்கிய சந்தை!

பின்னர் 1907 தொடங்கி, ஊருக்கு மேற்கேயுள்ள மேட்டுநிலத்திலே ஹியூவெட் என்னும் தொல்பொருள் ஆய்வாளர் பழைய குடியிருப்புகளைத் தோண்டினார். ஜூலியன் அங்கே கூலியாள். கிடைத்த ஓடுகளைக் காட்டி, இவைபோல் முழுப்பானை செய்ய இயலுமா என்று மரியாவைக் கேட்டனர். செய்தார். முன்னோர் செய்ததன் வகையை முன்னோரின் உடைந்த ஓட்டிலிருந்து கற்றார். ஆண்டுகள் பல முயன்றபின், 1919 அளவில், பெயர் பெற்ற அந்தக் கலயம் பிறந்தது. மின்னும் கருமையின்மீது மின்னாத கருமையால் தீட்டிய ஓவியம். வனைந்தவர் மரியா, தீட்டியவர் ஜூலியன்.

ஒரு கோடைச் சந்தைக்குச் சரக்கு ஆயத்தமாவது எளிதன்று. ஊர் நிலத்திலே களிமண் வெட்டுவார்கள். வெட்டுமுன் நிலத்தாய்க்குச் சோளமாவு தூவும் வழக்கம் உண்டு. நமக்கு அதில் நம்பிக்கை இல்லை, மண் அதனால் இளகுவதும் இல்லை. மண்ணை இளகவைப்பது அதன்பின் வரும் உழைப்பு. காயவைத்து, ஊறவைத்து, சலித்து, எரிமலைச் சாம்பல்மணலை அளவாகச் சேர்த்துக் காலாலும் கையாலும் பிசைவது. நம் ஊர்க் குயவர் சக்கரத்தில் வனைவர். இவர்களுக்குச் சக்கரமே இல்லை. ‘பூக்கி’ என்னும் ஆழமற்ற தட்டில் அடிப்பாகத்தை அமைத்து, மண்ணைத் திரியாக உருட்டி, வளையத்தின்மேல் வளையமாக அடுக்கி, சுரைக்குடுக்கை ஓட்டால் உள்ளும் புறமும் வழித்து, சுவரை எழுப்புவர். உலர்ந்தபின் தேய்த்து, செம்மண் குழம்பு பூசி, ஈரம் போகுமுன் ஆற்றுக் கூழாங்கல்லால் மெருகிட வேண்டும். இடையில் கை ஓயலாகாது. ஓய்ந்தால் பளபளப்பில் திட்டு விழும். சுரண்டிவிட்டு மீண்டும் பூசவேண்டும். அந்தக் கூழாங்கற்கள் தாயிடமிருந்து மகளுக்கு வருபவை. பொன் நகை தரும் வீடுகளைக் கண்டிருக்கிறோம்; கருவியைச் சீதனமாகத் தரும் வீடு இது.

இறுதியில் சூளை. கோடையின் பிற்பகுதியில் அந்நாட்டுக்கு மழை வரும். நிலம் நனைந்திருந்தால் ஆவி எழுந்து பானை வெடிக்கும். காற்று எழுந்தால் தீ ஒருபக்கம் சாயும். எனவே காற்று எழாத விடியற்காலையில், வெட்டவெளியில், இரும்புக் கம்பித் தட்டின்மேல் பானைகளைக் கவிழ்த்து, தகரத்தால் மூடி, மாட்டு வரட்டியைச் சுற்றிலும் அடுக்கி மூட்டுவர். வெப்பம் 700 பாகை அளவை எட்டியதும், பொடித்த குதிரை இலத்தியைக் கொட்டித் தீயை அமுக்கிவிடுவர். காற்று நுழையாது. புகை வெளியேறாது. கரி மண்ணுக்குள் ஏறும், செம்மண் கருக்கும். மந்திரம் ஏதுமில்லை, முற்றிலும் வேதியியல். ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கண்டெடுத்த கருப்பு சிவப்புப் பானைகளின் கருமையும் காற்றை அடைத்துப் பெற்றதே. கடலுக்கு அப்பாலும் இப்பாலும் ஒருவரை ஒருவர் அறியாத இரு கூட்டத்தார் ஒரே உண்மையைக் கைப்பழக்கத்தால் கண்டனர்!

சாம்பலை விலக்கும்போது எத்தனை பிழைத்தன என்பது தெரியும். விரிசல் கண்டது வீண். பல நாள் உழைப்பு ஒரு நொடியில் ஓடாகக் கிடக்கும். பிழைத்ததிலும் ஒரு விந்தை உண்டு. இந்தக் கருங்கலயத்தில் நீர் ஊற்றி வைக்கலாகாது. தாழ்ந்த வெப்பத்தில் சுட்டதால் கசியும், மெருகு கெடும். தகரக் குவளையிடம் தோற்ற குடம், நீர் மொள்ளும் வேலையையே விட்டுவிட்டு, அலமாரியில் நிற்கும் அழகுப்பொருளாகி உயிர் பிழைத்தது. இதைக் கலையின் வெற்றி என்பார் உண்டு. குயவனின் பட்டினி அறிந்தவர்க்கு வேறொன்றும் தோன்றும்.

1922 செப்டம்பரில் சாண்டா ஃபே அருங்காட்சியகத்தார் முதல் பழங்குடிக் கைவினைக் கண்காட்சியை நடத்தினர். எந்த நாளில்? நகரப் பெருவிழாவின் நாள்களில். அந்த விழாவோ, 1692-ல் ஸ்பானியப் படைத்தலைவன் நகருக்குள் மீண்டும் புகுந்ததன் நினைவு விழா! வென்றவனின் வெற்றிவிழாவில் தோற்றவன் பேரன் பானை கொண்டுவர வேண்டும். பரிசும் உண்டு, பாராட்டும் உண்டு. ஆனால் பரிசுக்குரியது எது என்று முடிவுசெய்தவர் வெள்ளையர். பண்டத்தை விற்றவரும் கண்காட்சி நடத்தியோரே. பழைய பாணி உயர்ந்தது, புதுப் பொம்மை தாழ்ந்தது என்று அவர்கள் கற்பித்தனர். நல்லதற்கு நல்ல விலை கொடுத்து வாங்கித் தரத்தை உயர்த்தினர் என்பதையும் மறைக்கவேண்டா, உண்மை அது. ஆயினும், தன் முன்னோரின் கலை எது என்பதைத் தனக்கே பிறர் வந்து சொல்லும் நிலை இன்பமானதா?

அந்த 1922-லேதான், புவெப்லோ நிலங்களில் குடியேறியிருந்தோர்க்கு அந்நிலத்தைச் சொந்தமாக்க வழிசெய்யும் மசோதாவை நியூ மெக்சிகோவின் செனட்டர் பர்சம் கொண்டுவந்தார். பானையைப் போற்றுவார்கள், பானைக்கு மண் தரும் நிலத்தைப் பறிப்பார்கள். நவம்பரில் ஊர்கள் கூடி எதிர்த்தன. 1680-க்குப் பின் அப்படியொரு ஒற்றுமை! மசோதா வீழ்ந்தது. அந்தப் போராட்டத்தில் துணைநிற்க வெள்ளையர் சிலர் அமைத்த சங்கமே பின்னாளில் சந்தையின் பொறுப்பை ஏற்றது. 1924-ல் பழங்குடியினர் குடிமக்கள் எனச் சட்டம் வந்தும், நியூ மெக்சிகோவில் வாக்குரிமை வரவில்லை. உலகப்போரில் பணியாற்றித் திரும்பிய ஆசிரியர் மிகுவெல் ட்ருஹியோ வழக்குத் தொடுத்து, 1948-ல் வென்ற பிறகே வந்தது. அதுவரை, உலகப் பொருட்காட்சிகளில் கைதட்டுப் பெற்ற மரியாவுக்கும் தம் மாநிலத்தில் வாக்கு இல்லை.

தாழ்வாரத்துக்கு வருவோம். 1936 கோடையில் அச்சங்கத்தின் மரியா சாபட் என்னும் இளம்பெண் ஒரு மாறுதல் செய்தார். மெக்சிகோ நாட்டு ஊர்ச்சந்தைகளைக் கண்டவர் அவர். கண்ணாடிப் பேழையும் கண்காட்சிக் கூடமும் வேண்டா, செய்தவரே வந்து அமர்ந்து விற்கட்டும் என்றார். சனிக்கிழமைதோறும் ஊர்களிலிருந்து பேருந்தில் பெண்கள் வந்தனர். அரண்மனைத் தாழ்வாரத்தில் கம்பளம் விரித்தனர். வாங்குபவர் கேட்டார், வனைந்தவர் விலை சொன்னார். சிறு செய்திபோல் தோன்றும். இடைத்தரகன் இல்லாத ஒரு சனிக்கிழமை எத்தகையது என்பதைக் கைத்தொழிலாளி வீட்டில் பிறந்தவர் அறிவர்.

இனிப் பெயர். 1920-களின் தொடக்கத்தில் மரியா பானையின் அடியில் கையெழுத்திடத் தொடங்கினார். முன்பு அந்த ஊரில் எவரும் அவ்வாறு செய்ததில்லை. ‘மேரி’ என்று எழுதினார். வெள்ளையர் நாவுக்கு அதுவே எளிது என்று சொல்லியிருந்தனர். பானைத்தொழில் பெண்டிர் தொழில் எனக் கருதப்பட்டதால், ஓவியம் தீட்டிய ஜூலியனின் பெயர் சில ஆண்டுகள் கழித்தே உடன் ஏறியது. பெயர் ஏறியதும் விலை ஏறியது. பார்த்தனர் பக்கத்து வீட்டுப் பெண்கள். தம் பானைகளைக் கொண்டுவந்து, ‘இதிலும் உன் பெயரை எழுது’ என்றனர். மரியா எழுதிக்கொடுத்தார்!

சேகரிப்போர் திகைத்தனர், இது கூடாது என அறிவுறுத்தினர், வழக்கம் நின்றது. போலிக் கையெழுத்து என்று சட்டம் பேசலாம். வாங்குபவன் ஏமாறக் கூடாது என்பதும் நேர்மையே. ஆனால் மண் ஊருக்குப் பொது, சூளை பொது, கற்ற கலை பொது என்றிருந்த இடத்தில், பெயர் மட்டும் ஒருத்திக்கே உரியது என்று அவர் நினைக்கவில்லை. விலை தருவது பெயர் என்றால், அதையும் பகிர்ந்தார். சந்தை அதை ஏற்கவில்லை. புகழ் பெற்ற அவரைப் பற்றி நூல்கள் உள்ளன; அவர் பெயரைக் கேட்டுவந்த பெண்டிரைப் பற்றி நாம் எழுத ஒரு பெயரும் இல்லை.

1962 முதல் சந்தை நகரப் பெருவிழாவினின்று பிரிந்தது; ஆகஸ்டில் தனியே சதுக்கத்தை நிறைக்கிறது. தாழ்வாரத்திலோ நாள்தோறும் விற்பனை. அங்கே தமக்கும் இடம் வேண்டும் என்று பிறர் தொடுத்த வழக்கில், அது பழங்குடியினர்க்கே உரியதென வைத்த அருங்காட்சியக விதி செல்லும் என்று 1979-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. பொய்ச்சரக்கைப் பழங்குடியார் கைவேலை என்று விற்பதைத் தடுக்க 1935-ல் வந்த சட்டம், 1990-ல் கடுமையாக்கப்பட்டது.

ஜூலியன் 1943-ல் மறைந்தார். பின்னர் மருமகள் சாந்தனா தீட்டினார்; பானையடியில் அவர் பெயரும் ஏறியது. 1956 முதல் மகன் போப்போவி டா தீட்டினார். அப்போது மரியாவுக்கு எழுபதை நெருங்கும் அகவை. பிறர் சொல்லிக்கொடுத்த ‘மேரி’யை அவர் விட்டது அந்நாளில்தான். மகன் தீட்டிய கலயங்களின் அடியில் ‘மரியா’ என்று எழுதினார். ஓவியமின்றி மெருகு மட்டும் இட்ட கலயங்கள் உண்டு. அவற்றின் அடியில் காண்பது ‘மரியா போவேகா’. போவேகா என்றால் டேவா மொழியில் குளத்து அல்லி.