மண்ணிற் கிடந்த வெள்ளி: இங்கிலாந்தின் இரு நாணயத் தொகுதிகள்

பொதுப் பூங்கா ஒன்றின் புற்றரையிலே உலோகங்காட்டும் கருவியைத் தாழப் பிடித்து நடக்கும் ஒருவரின் காதில் ஓர் ஒலி எழுகின்றது. புல்லைப் பெயர்த்துப் பார்க்கையில் வெள்ளி நாணயம் ஒன்று அகப்படுகின்றது. இங்கிலாந்திலே இது அருமையான நிகழ்ச்சியன்று. அந்நாட்டு வெள்ளிக் காசுகளில் 1920 வரை நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி இருந்தது. அதன்பின் அது பாதியாகக் குறைந்தது. 1947 முதல் புழக்கக் காசுகளில் வெள்ளியே இல்லாதொழிந்தது. எனவே பூங்காவிற் கிடைத்த காசு யாரோ ஒருவரின் சட்டைப்பையிலிருந்து ஏறக்குறைய எக்காலத்தில் நழுவியது என ஊகித்தல் எளிது.

ஆயின், நாணயம் மண்ணுட் புகும் வழி இஃதொன்றே அன்று. தவறி விழுந்த காசும் உண்டு. மீண்டும் எடுக்கலாம் என்று புதைத்து வைத்த காசும் உண்டு. திரும்பப் பெறும் எண்ணமின்றித் தெய்வத்துக்குக் காணிக்கையாக இட்ட காசும் உண்டு. இம்மூன்றுக்கும் கருவி எழுப்பும் ஒலி ஒன்றே. உலோகம் இருக்கின்றது என்று அது கூறுமேயன்றி, எவ்வாறு அங்கு வந்தது என்று கூறமாட்டாது. அதனைக் கூறவல்லவை காசு கிடந்த இடமும், ஆழமும், அதனோடு கிடந்த ஏனைய பொருள்களுமே. இவ்வேறுபாட்டை இங்கிலாந்தின் இரு கண்டுபிடிப்புக்கள் போல விளக்குவன வேறில்லை எனலாம்.

உலோகங்காட்டி போர்க்களத்திற் பயின்ற கருவியாகும். இரண்டாம் உலகப் போரின்போது போலந்து நாட்டு அதிகாரி ஒருவர் வகுத்த கண்ணிவெடி காணுங் கருவி 1942இல் எல் அலமெயினிற் பயன்பட்டது. 1970களில் மலிவான கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. 1980இல் பிரித்தானியத் தொல்லியலாளர் இவற்றுக்கெதிராகப் பேரியக்கமொன்றையே தொடங்கினர். அவர்தம் சினம் நியாயமானதே. ஆயினும் கருவி பிடித்தோர் அனைவரையும் கள்வராகக் கொண்டமை தவறு என்பதைப் பின்னர் நிகழ்ந்தவை காட்டின.

1992ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சஃபோக் மாவட்டத்து ஹொக்ஸ்னி என்னும் ஊரில், வயலிலே தொலைந்த சுத்தியல் ஒன்றைத் தேடித் தருமாறு விவசாயி ஒருவர் தம் நண்பரைக் கேட்டார். நண்பர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது தமக்குப் பரிசாகக் கிடைத்த கருவியுடன் சென்றார். சுத்தியலுக்கு முன் வெள்ளிக் கரண்டிகளும் பொற்காசுகளும் வெளிப்பட்டன. சிலவற்றை எடுத்தபின் அவர் தோண்டுதலை நிறுத்தி உரியோருக்கு அறிவித்தார். அவர் செய்த பெருந்தொண்டு, தோண்டியதிலும் பார்க்கத் தோண்டாது விட்டமையே. மறுநாளே தொல்லியலாளர் வந்து எஞ்சியவற்றை இருந்தவாறே அகழ்ந்தெடுத்தனர்.

கிடைத்த காசுகள் 14,865. அவற்றுள் 569 பொன், 14,272 வெள்ளி, எஞ்சிய 24 வெண்கலம். அணிகலன்களும் உணவுக் கலங்களுமாக ஏறத்தாழ 200 பொருள்கள் உடனிருந்தன. இவை மரப்பேழையொன்றினுள், சிறு பெட்டிகளிற் பிரித்து, வைக்கோலும் துணியும் இட்டுப் பொதியப்பட்டிருந்தன என்பது மண்ணில் எஞ்சிய தடயங்களால் அறியப்பட்டது. அஞ்சியோடுபவன் அள்ளி எறிந்த செல்வமன்று. ஒரு குடும்பம் ஆறுதலாக அடுக்கி வைத்த செல்வம். பேழை மண்வெட்டியாற் சிதைக்கப்பட்டிருப்பின் இம்முடிபுக்கு இடமேது?

காசுகளிற் காலத்தாற் பிந்தியவை உரோமப் பேரரசின் ஆட்சியுரிமை கோரி எழுந்த மூன்றாம் கொன்ஸ்தந்தீனுடையவை. எனவே பேழை கி. பி. 407க்கு முன் புதைக்கப்பட்டிருத்தல் இயலாது. உரோம ஆட்சி பிரித்தானியாவை விட்டு நீங்கிய காலமும் அதுவேயாம். சிலிகுவா எனப்படும் சிறு வெள்ளிக் காசுகளுட் பெரும்பாலானவை விளிம்பு கத்தரிக்கப்பட்டவை. கத்தரித்தவர் பேரரசனின் தலையுருவைத் தொடாது சுற்றுவட்டத்தை மாத்திரம் அரிந்துள்ளனர். இவ்வழக்கம் பேரரசின் பிற பகுதிகளில் அரிதாகவே காணப்படுகின்றது. புதிய காசு வருவது நின்றுபோக, இருந்த வெள்ளியைக் கொண்டே மக்கள் காலங்கழித்தனர் என்பதும், அரிந்தெடுத்த வெள்ளியிலிருந்து போலிக் காசுகள் அடிக்கப்பட்டிருக்கலாம் என்பதும் இதனாற் பெறப்படும். ஆட்சி மறைந்த பின்னும் நாணயம் செல்லுபடியாயிற்று. எடை குறைந்தாலும் அரசனின் முகம் இருந்தாற் போதும் என்று கொண்டனர் போலும்.

தமிழ் வாசகர்க்கு இத்தொகுதியில் வேறொரு கவர்ச்சியும் உண்டு. அதிலே மிளகுப்பொடி தூவும் வெள்ளிக் கலங்கள் நான்கு இருந்தன. அவற்றுளொன்று உயர்குலப் பெண்ணொருத்தியின் உருவில் அமைந்தது. சங்கச் செய்யுள்கள் ‘கறி’ என வழங்கும் மிளகு, தென்னிந்திய மேற்குக் கரையின் மலைகளில் விளைந்து, கடல்கள் பல கடந்து பிரித்தானியத் தீவின் கிழக்கு மூலையில் உணவுத்தட்டிற் சொரியப்பட்டது. உடன் கிடந்தமையாலேயே காசுகளும் கலங்களும் ஒரே வீட்டுக்குரியவை எனத் துணிகின்றோம்.

இனி மற்றைய காட்சியை நோக்குவோம். சரே மாவட்டத்து வான்பரோவில் 1980களின் தொடக்கத்தில் உரோமருக்கு முற்பட்ட குலத்தலைவர்களின் வெள்ளிக் காசுகள் சில கண்டெடுக்கப்பட்டன. கண்டவர்கள் நேர்மையாக அறிவித்தனர். ஆயின் புதையல் விசாரணையின்போது இடத்தின் பெயர் பகிரங்கமாயிற்று. அதன்பின் இரவுதோறும் கருவிகளுடன் ஆட்கள் வந்து வயலைக் குழிகளாக்கினர். ஆயிரக்கணக்கான காசுகள் சந்தையில் மறைந்தன. 1985இல் அகழ்ந்தபோது அங்கு உரோமர் காலக் கோயிலொன்று இருந்தமை தெரிந்தது. சங்கிலி கோத்த தலையணிகள் முதலிய வழிபாட்டுப் பொருள்களும் கிடைத்தன. காசுகள் காணிக்கைகள் எனக் கொள்ளுதல் பொருந்தும். ஆனால் அவை ஒரே காலத்தில் இடப்பட்டனவா, பல தலைமுறைகளாக இடப்பட்டனவா என்பதைத் தெளிவாக்கும் மண்ணடுக்குகள் கலைந்துவிட்டன.

சட்டமும் கைகொடுக்கவில்லை. பழைய புதையற் சட்டத்தின்படி, மீண்டும் எடுக்கும் நோக்குடன் மறைத்த பொன்னும் வெள்ளியுமே முடிக்குரியவை. காணிக்கை அவ்வகையில் அடங்காது. கொள்ளை தொடர்பாகக் குற்றவாளியாகக் காணப்பட்ட ஒருவரின் தீர்ப்பை மேன்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. இறந்தவனின் உள்ளக் கருத்தை அறிந்தாலன்றி நிலைக்காத சட்டம்! சரே மாவட்டத்துத் தொல்லியற் கழகத்தார் அதனை மாற்ற முயன்றதன் பயனாக 1996இல் புதிய சட்டம் வந்தது. 300 ஆண்டுகளுக்கு மேற்பட்டனவும், பத்திலொரு பங்கேனும் விலையுயர்ந்த உலோகங் கொண்டனவுமான காசுகள் இரண்டாயினும் ஒருங்கு கிடைத்தால் அவை புதையலாம். புதைத்தவரின் நோக்கம் ஆராயப்படுவதில்லை.

தனியொரு காசு இவ்விதியில் அடங்காது. அது நிலத்துக்குரியவரைச் சேரும். இதே சரேயிலுள்ள ஃபார்ணம் பூங்காவிலே கருவி கொண்டு மத்தியகாலப் பொன்னூசியொன்றைக் கண்டெடுத்தவருக்கும் உள்ளூராட்சி மன்றத்துக்கும் எழுந்த வழக்கில், மண்ணுட் புதைந்த பொருள் நிலவுரிமையாளரான மன்றத்துக்கே உரியது என 1995இல் முடிவாயிற்று. எனினும் யாருக்குரியது என்பது ஒரு கேள்வி. எங்கே, எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பது மற்றொரு கேள்வி. இரண்டாவதற்கு விடைகாணவே 1997 முதல், கண்டெடுப்போர் தாமாக முன்வந்து பொருளையும் இடத்தையும் பதிவு செய்யும் திட்டம் அங்கு நடைபெறுகின்றது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அதிற் பதிவாகியுள்ளன. ஹொக்ஸ்னி வயலில் ஈற்றில் அகப்பட்ட சுத்தியலும் இன்று பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது.