முத்துக்குளித்துறையில் மூண்ட பகை

பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையிலுள்ள குண்டடம் எனது ஊர். அவ்வூர் வடுகநாதர் கோயிலைப் பற்றி என் பாட்டனார் சொல்லும் கதை ஒன்று உண்டு. மிளகுப் பொதிகளோடு வந்த வணிகன் ஒருவன், மாற்றுருவில் வந்து வினவிய இறைவனிடம், "இவை பயற்று மூட்டைகள்" என்று பொய்யுரைத்தானாம். பின்னர் அவிழ்த்துப் பார்க்க, மிளகெல்லாம் பயறாகவே கிடந்ததாம். சரக்கு ஒன்று, அதற்குச் சொன்ன பெயர் வேறொன்று!

மேலையாசியச் செய்திகளைப் படிக்குந்தோறும் இக்கதை என் நினைவுக்கு வருகிறது. ஏமனில் 2015இல் விரிவடைந்த போரில் சவூதி அரேபியா ஒரு தரப்புக்கும் ஈரான் மறுதரப்புக்கும் துணைநின்றன. சன்னி, ஷியா என்னும் சமயப் பிரிவுகளின் பெயர் முன்னே நின்றது; அண்டை நாட்டில் தம் செல்வாக்கை நாட்டும் வேட்கை பின்னே நின்றது. இவ்வழக்கம் நம் தமிழ்க் கடற்கரைக்கும் புதிதன்று என்பதையே மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தது மிளகு முதலிய சரக்குகளை நாடியே. கள்ளிக்கோட்டைச் சாமூதிரி மன்னர் முஸ்லிம் வணிகரின் புரவலர். அவரோடு பகைத்த போர்த்துகீசியர் கொச்சி மன்னரோடு உறவு பூண்டனர். மேலைக்கடலில் எழுந்த இப்போட்டி விரைவில் குமரிமுனையைச் சுற்றிக்கொண்டு மன்னார் வளைகுடாவை எட்டியது. அங்கே மிளகில்லை, முத்து இருந்தது.

முத்துக்குளித்துறையில் மூச்சடக்கி மூழ்கியோர் பரதவர், முஸ்லிம்களும் மூழ்கினர். இரு சாராரும் தமிழ் பேசுவோரே. சலாபத்தின் குத்தகையைக் காயல் பகுதி முஸ்லிம் தலைவர்கள் பெற்றதனால் வளர்ந்த பூசல், 1530களில் குருதி சிந்தும் அளவுக்கு முற்றியது. பரதவர் தலைவர்கள் கொச்சி சென்று போர்த்துகீசியரின் துணையை வேண்டினர். துணை கிடைத்தது; ஞானஸ்நானம் அதற்குரிய நிபந்தனையாயிற்று. 1537ஆம் ஆண்டிற்குள் ஏறத்தாழ 20,000 பேர் மதம் மாறினர் என்பர். அவர்களை நான் குறை கூறேன். அச்சத்தில் ஏற்ற சமயத்தைப் பின்னர் உளமாரப் பற்றினர். 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் எவ்வளவோ முயன்றும் அதை விட்டாரில்லை. ஆயினும் சலாப வரி மட்டும் ஒழிந்தபாடில்லை. அதில் ஒரு பகுதி, போர்த்துகல் அரசி கேத்தரினின் பாதரட்சைச் செலவுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது!

மறுபுறம், சாமூதிரியின் மரைக்காயர் கடற்படை முஸ்லிம்களுக்கு ஆதரவாகக் கீழைக்கரைக்கு வந்தது. 1538இல் மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் போர்த்துகீசியர் அதை முறியடித்தனர். அதே ஆண்டுகளில் இலங்கையின் கோட்டை அரசர் புவனேகபாகுவுக்குப் போர்த்துகீசியரும், அவர் தம்பி மாயாதுன்னைக்குச் சாமூதிரியும் படையுதவி செய்தனர். அவ்வுடன்பிறப்புகள் இருவரும் பௌத்தர்கள். அங்கே சொல்லிக்கொள்ளச் சமயப் பெயர்கூடக் கிடைக்கவில்லை. போட்டி மட்டும் அப்படியே இருந்தது.

மன்னாரில் நிகழ்ந்ததே யாவற்றினும் கொடியது. அங்கே மதம் மாறியோர் போர்த்துகீசியரின் குடிகளாகிவிடுவர் என்று யாழ்ப்பாண மன்னன் சங்கிலி ஐயுற்றான். 1544இல் அவர்களுள் சுமார் 600 பேரைக் கொல்வித்தான். பழிவாங்கப் படை திரட்டப்பட்டது. சவேரியாரும் அதை எதிர்நோக்கியிருந்தார். அந்நேரத்தில், பெகுவிலிருந்து விலையுயர்ந்த சரக்கோடு வந்த போர்த்துகீசியக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் ஒதுங்க, அச்சரக்கைச் சங்கிலி கைப்பற்றினான். சரக்கை மீட்க வேண்டுமே! படையெடுப்பு கைவிடப்பட்டது. இறந்தவர்களின் நினைவு 1560இல் மன்னாரைக் கைப்பற்றும்போது மீண்டும் பயன்பட்டது. 1619இல் யாழ்ப்பாணமும் வீழ்ந்தது.

சாமூதிரியின் அரவணைப்பும் அத்தகையதே. நூறாண்டுக் காலம் அவர் கடலைக் காத்த மரைக்காயர் மரபில் வந்த நான்காம் குஞ்ஞாலி, தம் வலிமையைப் பெருக்கித் தனியரசர் போல் நடந்தார். உடனே சாமூதிரி பழைய பகைவரான போர்த்துகீசியரோடு கைகோத்துக் குஞ்ஞாலியின் கோட்டையை முற்றுகையிட்டார். உயிருக்கு உறுதி பெற்றுத் தம் மன்னரிடமே சரணடைந்த குஞ்ஞாலி, போர்த்துகீசியர் கையில் சிக்கிக் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1600இல் தலை வெட்டப்பட்டார்.