'ரொம்ப சுலபம்' என்று தள்ளப்பட்ட கணக்கு

சேலத்திலிருந்து ஏற்காடு மலை ஏற இரண்டு பாதைகள் உண்டு. எல்லோரும் போவது 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை. இன்னொன்று குப்பனூரில் ஏறி, கொட்டச்சேடு வழியாகப் போவது. அந்தப் பக்கம் கூட்டம் குறைவு. தேக்குக் காடு, காபித் தோட்டம் என்று கண்ணுக்கு விருந்து. கையில் நல்ல கேமரா வைத்திருப்பவர்கள் கொட்டச்சேட்டில் வண்டியை நிறுத்தாமல் போகமாட்டார்கள்.

நீங்களும் நிறுத்தினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எச்.டி. கேமராவில் இரண்டு காட்சிகள் எடுக்கிறீர்கள். ஒன்று, பள்ளத்தாக்கில் மெதுவாக நகரும் பனி மூட்டம். இன்னொன்று, காற்றில் சலசலக்கும் தேக்கு மரங்கள், இலைகளுக்கு நடுவே கண்சிமிட்டும் வெயில்.

வீட்டுக்கு வந்து, கொஞ்சம் வயதான கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிறீர்கள். பனி மூட்டம் அழகாக வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. தேக்கு மரம் வந்ததும் படம் நிற்கிறது... தாவுகிறது... மறுபடி நிற்கிறது. சத்தம் மட்டும் எதுவுமே நடக்காத மாதிரி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது!

'கேமரா போச்சு' என்கிறார் வீட்டில் ஒருவர். 'கார்டு டூப்ளிகேட்' என்கிறார் இன்னொருவர். கடைக்காரரைக் கேட்டால் ராம் போடச் சொல்வார் (அவருக்கு எந்த வியாதிக்கும் அது ஒன்றுதான் மருந்து!).

எல்லாமே தப்பு. அதே கேமரா, அதே கார்டு, அதே கம்ப்யூட்டர். பனி ஓடுகிறது, இலை நொண்டுகிறது. ஏன்? இதற்கான பதில், 1972-ல் அமெரிக்காவில் நிராகரிக்கப்பட்ட ஒரு விண்ணப்பத்தில் இருக்கிறது. அங்கே போவதற்கு முன், அந்த இன்னொரு மலைப்பாதையின் அடிவாரத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுவோம்.

சேலம்-ஏற்காடு சாலையில் போகிறவர்கள் தனியாக நிற்கும் ஒரு வளைவைப் பார்த்திருப்பீர்கள். டி.ஆர்.சுந்தரம் 1930-களில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடம் அது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த கம்பெனி. 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' அங்கேதான் உருவானது. முதல் தமிழ் கலர் படம் என்று சொல்லப்படும் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் அங்கிருந்துதான் வந்தது.

அந்தக் காலத்துப் படச்சுருளில் ரகசியம் எதுவும் கிடையாது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எம்.ஜி.ஆர். தெரிவார். அடுத்த கட்டத்திலும் முழுசாகத் தெரிவார், கை மட்டும் ஒரு மயிரிழை நகர்ந்திருக்கும். ஒரு செகண்டுக்கு 24 கட்டங்கள். ஒரு அடி பிலிமில் 16 கட்டங்கள். ஆக, நிமிஷத்துக்கு 90 அடி. மூணு மணி நேரப் படம் என்றால் 16,200 அடி, கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர்! பெட்டி பெட்டியாகச் சுமந்துகொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள்.

புரொஜக்டருக்கு மூளையே தேவையில்லை. ஒரு கட்டத்தை இழு, நிறுத்து, வெளிச்சத்தைக் காட்டு, மறை, அடுத்ததை இழு. அவ்வளவுதான் வேலை. ஓரத்துத் துளைகள் கிழிந்திருந்தால் படம் குதிக்கும். ஆபரேட்டர் கிழிந்த துண்டை வெட்டி ஒட்டினால், வசனம் பாதியில் தாவும். விசிலடிப்போம். ஆனால் எந்தக் கட்டமும் இன்னொரு கட்டத்தை நம்பி இருக்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், பெருக்கல்தான்.

எச்.டி. படத்தில் குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080. மொத்தம் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் வைத்தால், ஒரே ஒரு படத்துக்கு 62 லட்சம் பைட். செகண்டுக்கு 25 படம் என்றால் 15 கோடிக்கு மேல். இதை அப்படியே எழுதினால் ஒரு சி.டி. அஞ்சு செகண்டுக்குள் நிரம்பிவிடும். டி.வி.டி. அரை நிமிஷம் தாங்கும். கொட்டச்சேட்டுக்கு ஒரு லாரி நிறைய டி.வி.டி. கொண்டுபோக வேண்டியதுதான்!

இந்த மலையைச் சுருக்கியவர், பெங்களூரில் 1940-ல் பிறந்த நஸீர் அகமது.

பெங்களூரில் இன்ஜினீயரிங் படித்து, அமெரிக்கா போய், 1966-ல் நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, கன்ஸாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானவர். படங்களைச் சுருக்க ஒரு வழி அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. 1972-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு, ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு எழுதினார். கிடைக்கவில்லை. பரிசீலித்தவர்களில் ஒருவருக்கு, யோசனை 'ரொம்ப சுலபமாக' இருப்பதாகத் தோன்றியதாம். பிற்பாடு அகமதுவே எழுதியிருக்கிறார்.

சுலபமாக இருப்பது ஒரு குற்றமா? விண்ணப்பங்களைப் படிக்கிற பெரியவர்களுக்கு எல்லாக் காலத்திலும் இந்த வியாதி உண்டு. புரியாமல் எழுதினால் மரியாதை!

அகமது விடவில்லை. பணம் இல்லாமலே 1973 கோடையில் வேலையைத் தொடர்ந்தார். கூட இருந்தவர் அவரது மாணவர் டி.நடராஜன். இன்னொருவர், டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் வளாகத்தில் இருந்த நண்பர் கே.ஆர்.ராவ். இந்த ராவ் யார் தெரியுமா? நம்ம கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியில் படித்து 1952-ல் பட்டம் வாங்கியவர்! மூவர் பெயரிலும் 1974 ஜனவரியில் ஒரு கட்டுரை வெளியானது. நாலே நாலு பக்கம். டி.சி.டி. என்று இன்று உலகம் முழுக்கச் சுருக்கமாகச் சொல்லப்படும் கணக்கு அதுதான்.

அதில் என்ன இருக்கிறது? ஒரு ஜவுளிக்கடையில் 64 துணிகள் அடுக்கியிருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் துணி வெறும் வெள்ளை. அடுத்தது அகலக் கோடு. அப்புறம் நெருக்கக் கோடு, பெரிய கட்டம், சின்னக் கட்டம்... கடைசித் துணி கண்ணைப் பறிக்கும் பொடிக் கட்டம். எல்லாமே கண்ணாடி மாதிரி மெல்லிசு. உங்கள் படத்தில் எட்டுக்கு எட்டு, அதாவது 64 புள்ளிகள் கொண்ட ஒரு சின்னச் சதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது எதுவாக இருந்தாலும் சரி, மூக்கு நுனியோ, மேகமோ, இந்த 64 துணிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக, தகுந்த அளவில் போட்டு அதை உண்டாக்கிவிடலாம். எந்தத் துணி எவ்வளவு என்று எழுதி வைத்தால் போதும்.

64 புள்ளிக்குப் பதில் 64 துணி. இதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். இயற்கையில் பெரும்பாலான சதுரங்களுக்கு முதல் நாலைந்து துணிகளே போதும், மீதியெல்லாம் ஏறக்குறைய பூஜ்யம். பொடிக் கட்டத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. பூஜ்யங்களைத் தூக்கிப் போட்டுவிடலாம். சுலபம்தானே!

பனி மூட்டம் ஏன் வழுக்கிக்கொண்டு ஓடியது என்று இப்போது புரிந்திருக்கும். அதற்கு வெள்ளைத் துணி ஒன்றே போதும். தேக்கு இலையின் நரம்பு, விளிம்பு, பளபளக்கும் வெயில், இதற்கெல்லாம் அடுக்கின் அடிவரை போயாக வேண்டும்.

1988-ல் வீடியோ தொலைபேசிக்கான எச்.261, 1992-ல் போட்டோக்களுக்கான ஜேபெக், அப்புறம் வி.சி.டி., டி.வி.டி. எல்லாவற்றுக்கும் அடியில் இந்த டி.சி.டி. உட்கார்ந்தது. வீடியோவுக்கு இன்னொரு தந்திரமும் சேர்ந்தது. பக்கத்துப் பக்கத்துப் படங்களில் பெரும்பகுதி ஒன்றாகத்தானே இருக்கிறது? எனவே முழுப்படத்தை அரை செகண்டுக்கோ ஒரு செகண்டுக்கோ ஒருமுறை வைத்துக்கொண்டு, நடுவில் 'இந்தச் சதுரம் நாலு புள்ளி வலது பக்கம் நகர்ந்தது' என்கிற மாதிரி குறிப்பு மட்டும் எழுதினார்கள். சில படங்கள் முன்னால் வந்ததை மட்டுமல்ல, பின்னால் வரப்போகும் படத்தையும் நம்பியிருக்கும். அஞ்சாவது படத்தைக் காட்ட எட்டாவதை முதலில் பிரித்தாக வேண்டும்!

மாடர்ன் தியேட்டர்ஸ் பிலிமின் ஒவ்வொரு கட்டமும் தனிக்காட்டு ராஜா. இங்கே எல்லாம் கூட்டுக் குடும்பம். ஒருவர் படுத்தால் அத்தனை பேரும் படுப்பார்கள். வீடியோவை நடுவில் இழுத்துவிட்டால் ஒரு கணம் திகைத்து நிற்கிறதே, முழுப்படம் எங்கே என்று அது தேடுகிற நேரம்தான் அது.

2003-ல் எச்.264 என்ற இன்னும் கெட்டிக்காரக் கணக்கு வந்தது. 2006-ல் ஸோனியும் பானஸோனிக்கும் சேர்ந்து, அதை வீட்டுக் கேமராக்களுக்குக் கொண்டுவந்தன. ஏ.வி.சி.எச்.டி. என்று பெயர். செகண்டுக்கு 15 கோடி பைட்டாக இருந்தது அதிகபட்சம் 30 லட்சத்துக்குள் அடங்கிவிட்டது. ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால் இடத்தில் மிச்சம் பிடித்ததை உழைப்பில் கட்டியாக வேண்டுமே! கேமராவுக்குள் இதற்கென்றே தனி சிப் இருந்தது. நம் மேஜையில் இருந்த பென்டியம் பாவம், பொது வேலைக்காரன். செகண்டுக்கு 25 படம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 40 மில்லிசெகண்ட்தான் கெடு. கெடு தவறினால் பிளேயர் அந்தப் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, சத்தத்தை மட்டும் காப்பாற்றும். காது சட்டென்று கோபித்துக்கொள்ளும், கண் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் என்று அதற்குத் தெரியும்.

2007 வாக்கில் கிராபிக்ஸ் அட்டைகளிலேயே எச்.264 பிரிக்கும் தனிப் பகுதி வரத் தொடங்கியது. நிம்மதி! ஆனால் அட்டை இருந்தால் போதாது, பிளேயர் அதைக் கூப்பிட வேண்டும். பழைய பிளேயர், பழைய டிரைவர் என்றால் அட்டை சும்மா உட்கார்ந்திருக்க, பிராசஸர் மாடாய் உழைக்கும். இந்தக் கூத்து இன்றைக்கும் நடக்கிறது, 4கே வடிவத்தில். எச்.264-க்கு அடுத்து 2013-ல் வந்த ஹெச்.ஈ.வி.சி. இன்னும் இறுக்கமாகச் சுருட்டும். அதில் 10 பிட், 4:2:2 என்று கூடுதல் நிறத்தோடு பதிவு செய்தால், பல கிராபிக்ஸ் அட்டைகளின் தனிப் பகுதிக்கு அந்தப் பாஷையே தெரியாது.

எனவே படம் நொண்டினால் முதலில் கார்டிலிருந்து நேராக ஓட்டாதீர்கள், ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் நொண்டினால் டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்து ஓட்டுங்கள். பிராசஸர் 100 சதவிகிதத்தில் மூச்சு வாங்கினால் வியாதி தெரிந்துவிட்டது. கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்து, பிளேயரின் அமைப்புகளில் ஹார்டுவேர் டிகோடிங் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பாரீஸில் ஒரு கல்லூரி மாணவர்கள் 1996-ல் ஆரம்பித்த புராஜெக்ட்தான் இன்று எல்லோர் கம்ப்யூட்டரிலும் இருக்கும் வி.எல்.சி. அதில் ஒருமுறை, வேறொன்றில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நகரும் பொருளின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால் அது வேறு விஷயம். ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று பிரித்து எடுத்த படம் அது, டீஇன்டர்லேஸ் போட்டால் போய்விடும்.

எடிட் செய்ய வேண்டுமா? சினிமாக்காரர்கள் அந்தக் காலத்திலேயே வழி கண்டுபிடித்திருந்தார்கள். மூல நெகட்டிவ்வில் கத்திரியே வைக்கமாட்டார்கள். ரஷ் பிரின்ட் ஒன்று போட்டு, அதைத்தான் வெட்டுவார்கள், ஒட்டுவார்கள். எல்லாம் முடிவான பிறகே நெகட்டிவ்வுக்கு வருவார்கள். இன்றைய எடிட்டிங் மென்பொருள்களில் இருக்கும் 'பிராக்ஸி' அச்சு அசல் அதுவே. கம்ப்யூட்டர் தாங்குகிற சின்னப் பிரதியில் வேலை பார்த்துவிட்டு, கடைசியில் மூலத்துக்குத் தாவுவது.

பலர் இங்கேதான் ஒரு காரியம் செய்கிறார்கள். ஓடாத வீடியோவை ஏதாவது கன்வர்ட்டரில் போட்டுச் சின்னதாக்கிவிட்டு, 'இதான் ஓடுதே' என்று மூலத்தை அழித்துவிடுகிறார்கள். மறுபடி சுருக்கும்போது பொடிக் கட்டத் துணிகள் இன்னும் கொஞ்சம் போய்விடும். போனது திரும்பாது. ஏற்காடு அடிவாரத்தில் எடுத்த அந்த 'பாலன்' படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இருப்பதாகத் தெரியவில்லை. சில புகைப்படங்களும் எழுத்துக் குறிப்புகளும்தான் மிச்சம்.

கே.ஆர்.ராவ் 2021 ஜனவரியில் காலமானார். அடுத்த மாதமே 'திஸ் இஸ் அஸ்' என்ற அமெரிக்க டி.வி. தொடரில் நஸீர் அகமது, அவர் மனைவி எஸ்தர் இருவரின் கதையும் வந்தது. கொரோனா சமயம், வெவ்வேறு ஊர்களில் இருக்கும் குடும்பங்கள் வீடியோ காலில்தான் முகம் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த முகங்களெல்லாம் அந்த நாலு பக்கக் கணக்கின் வழியாகத்தான் போய்வந்தன.

ஏ.வி.சி.எச்.டி. கார்டு இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அதில் நீளமான காட்சிகள் தனித்தனி ஃபைல்களாகத் துண்டுபட்டிருக்கும். ஒரு ஃபைலை மட்டும் எடுக்காமல் முழு ஃபோல்டரையும் அப்படியே இரண்டு டிஸ்க்குகளில் காப்பி எடுத்து வையுங்கள். சின்னப் பிரதியை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளலாம்.