ஐந்து ஒலிம்பிக்கும் மூன்று பலகைகளும்

சுக்கான் இல்லாத ஓடம் ஒன்று உண்டு என்று சொன்னால் மாணவ நேயர்கள் வியப்படையலாம். நீண்ட பலகை ஒன்றின் மேல் பாய்மரம் நிற்கும். அதன் அடியிலுள்ள மூட்டு எத்திசையிலும் வளைந்து கொடுக்கும். பலகைமேல் நிற்பவர் பாயைக் கையாற் பற்றி முன்னே சாய்த்தால் பலகையின் தலை காற்றை விட்டு விலகும். பின்னே சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். சுக்கானின் வேலையை ஓட்டுபவரின் உடலே செய்துவிடுகிறது. 1960-களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் ஜிம் டிரேக், ஹோய்ல் ஷ்வைட்சர் என்னும் இருவர் உருவாக்கிய இவ்வமைப்பு, 1984-இல் ஒலிம்பிக் பந்தயங்களுள் ஒன்றாயிற்று.

அவ்வாண்டு நியூசிலாந்தின் புரூஸ் கெண்டால் வெண்கலம் பெற்றார். 1988-இல் தங்கமே பெற்றார். அவருடைய தங்கை பார்பரா கெண்டாலின் வரலாற்றையே இன்று கூற எடுத்துக்கொண்டோம். அண்ணன் வென்ற அவ்விரு முறையும் பெண்களுக்கெனத் தனிப் பந்தயம் இல்லை. 1992-இல் பார்சலோனாவில்தான் அது முதன்முதலாக நடந்தது. அந்த முதற் பந்தயத்தின் தங்கத்தைப் பார்பரா வென்றார். அப்போது அவருக்கு வயது 24.

அதன்பின் 1996-இல் வெள்ளி, 2000-இல் வெண்கலம், 2004-இல் ஐந்தாம் இடம், 2008-இல் ஆறாம் இடம். பட்டியலை மட்டும் படிப்பவர் இதனை இறங்குமுகம் என்பர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஓட்டப்பந்தய வீரருக்குக் காலடியிலுள்ள தரை மாறுவதில்லை; இவருக்கோ அது இருமுறை மாறிற்று.

பார்சலோனாவில் ஓட்டிய லெக்னர் பலகை உருண்ட வயிறுடையது. இம்மியளவு பிசகினாலும் புரளும். நுண்ணிய சமநிலையே அதற்கு வேண்டிய வித்தை. அடுத்து வந்த மிஸ்ட்ரல் பலகையோ தட்டையானது, நீளம் 3.72 மீட்டர், பாயின் பரப்பு 7.4 சதுர மீட்டர். பாயை ஓயாது விசிறி வேகம் கூட்டுவதற்கு இருந்த தடையும் அக்காலத்தில் தளர்ந்தது. காற்று மெலிந்த நாளில், விசிறுகின்ற கைக்கே வெற்றி. காற்றை அறிந்தால் போதும் என்றிருந்த கலை, துடுப்பு வலிப்பவரின் மூச்சையும் தோளையும் கேட்கலாயிற்று. 24 வயதில் கற்றுத் தேர்ந்ததை ஒதுக்கிவைத்து, பார்பரா தம் உடலைப் புதிதாகப் பழக்க நேர்ந்தது. 1996-இல் சவான்னாவில் அவரை முந்தியவர் ஹாங்காங்கின் லீ லாய்ஷான். அந்நகரம் கண்ட முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. அத்தகையவருக்கு அடுத்து நின்றதைத் தோல்வி என்று சொல்ல மனம் வரவில்லை. சிட்னியிலும் ஏதென்ஸிலும் அதே மிஸ்ட்ரல்தான்.

2008-க்குப் பலகை மீண்டும் மாறிற்று. ஆர்.எஸ்.எக்ஸ். எனப்படும் அது 2.86 மீட்டர் நீளமே உடையது; அகலமோ 93 சென்டிமீட்டர். பெண்களுக்குரிய பாய் 8.5 சதுர மீட்டராக வளர்ந்தது. பந்தயம் நடந்த சீனத்துச் சிங்தாவ் கடலிலோ காற்று மெலிந்தது. ஆகவே அப்பெரும் பாயைக் கையால் விசிறியாக வேண்டும். பார்பராவுக்கு அப்போது வயது 40. ஐந்து ஒலிம்பிக்குகளில் பங்குகொண்ட முதல் நியூசிலாந்துப் பெண்மணி என்னும் பெயர் அங்கே அவருக்கு வாய்த்தது. அப்பந்தயத்தில் தங்கம் பெற்ற சீனத்து யின் ஜியான், பார்சலோனாவில் பார்பரா வென்ற நாளில் 13 வயதுச் சிறுமி.