ரோஹன்: தானமா வந்த புல்வெளி

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படம் பார்த்தவங்களுக்கு ரோஹன்னா உடனே குதிரைப்படைதான் ஞாபகம் வரும். டோல்கீன் கற்பனையில் உருவாக்கிய இந்த நாட்டுக்கு ஒரு நிலத்தகராறும் உண்டு. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

தெற்கே வெள்ளை மலைகள், வடக்கே ஃபாங்கார்ன் காடு, மேற்கே ஐசன் ஆறு, நடுவில் கண்ணுக்கெட்டிய வரை புல்வெளி. இங்கே மேயும் மேயரஸ் குதிரைகள் மனுஷங்க அளவுக்கு ஆயுள் உள்ளவை. அரச குடும்பத்தைத் தவிர யாரையும் முதுகில் ஏத்தாது!

முதலில் இது கோண்டோர் ராஜ்யத்தின் மாகாணம். மூன்றாம் யுகம் 2510இல் எதிரிகள் உள்ளே புகுந்தப்போ, வடக்கேயிருந்து எயோர்ல் குதிரைப்படையோட வந்து காப்பாத்தினான். நன்றிக்கடனா கோண்டோரை ஆண்ட கிரியோன் மொத்த நிலத்தையும் அவனுக்கே கொடுத்துட்டான்.

ஆனா பக்கத்து மலைநாட்டு டன்லாந்து மக்கள் இதை ஏத்துக்கவே இல்லை. அவங்க பார்வையில் இது ஊரான் வீட்டு நெய், பெண்டாட்டி கை கதைதான். ரோஹன்காரங்களுக்கு அவங்க வெச்ச பெயர் 'வைக்கோல் தலையனுங்க'. 2758இல் வுல்ஃப் தலைமையில் தலைநகர் எடோராஸையே பிடிச்சாங்க. அடுத்த வருஷமே இழந்தாங்க. 3019இல் சாருமான் இந்தப் பழைய பகையைத்தான் ஊதி விட்டான்.

ஹெல்ம்ஸ் டீப் போரில் தோத்தவங்களை ரோஹன் கொல்லலை. ஆயுதத்தோட ஐசனைத் தாண்ட மாட்டோம்னு சத்தியம் வாங்கிட்டு விட்டுடுச்சு. உயிரோட கொளுத்திடுவாங்கன்னு சாருமான் சொல்லியிருந்ததால அவங்களுக்கே ஆச்சரியம்.

பெரிய மனசுதான். ஆனா, மன்னிப்பு கிடைச்சுது, நிலம் கிடைக்கலை.