பிடித்தவனும் பிடிபட்டதும்

சென்ற கோடையில் ஒரு மாலை நேரம். என் தமக்கை மகனும் அவனுடைய சிநேகிதன் ஒருவனும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி வாதாடிக் கொண்டிருந்தார்கள். கிரிக்கெட்டோ, தேர்தலோ என்று எண்ணி உள்ளே இருந்தபடியே காதைக் கொடுத்தேன்.

"அடிமைத்தனம் இல்லாமல் வேறென்னடா? காட்டிலே தன் பாட்டுக்குத் திரிகிற ஜீவனை அடித்துக் களைக்க வைத்து ஒரு பந்துக்குள்ளே அடைக்கிறான். அப்புறம் வெளியே விட்டு இன்னொன்றோடு மோத விடுகிறான். சேவற்கட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?"

"பிக்காச்சுவுக்கு அவன் மேல் உயிர். அதை மறந்துவிட்டுப் பேசாதே!"

"பாசம் இருந்தால் அடிமை இல்லை என்று யார் சொன்னது?"

கடைசியில் என் மருமகன் உள்ளே எட்டிப் பார்த்து, "மாமா, நீங்கதானே கதை எழுதறவர்? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க" என்றான். இருவருக்கும் மீசை அரும்பிப் பல வருஷம் ஆகிவிட்டது என்பதை வாசகர்கள் தயவு செய்து கவனிக்க வேண்டும்.

வழக்கு ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் தொடரைப் பற்றியது. அதன் பெயர் 'போக்கிமான்'. அந்தக் கதை உலகத்தில் நாய், பூனைகளுக்குப் பதிலாக விசித்திரமான பிராணிகள் இருக்கின்றன. ஒன்று நெருப்பைக் கக்கும். ஒன்று நீரைப் பீய்ச்சும். பிக்காச்சு என்னும் மஞ்சள் பிராணியின் கன்னத்தில் மின்சாரம். பத்து வயதுப் பிள்ளைகள் ஊர் ஊராகச் சென்று இவற்றைப் பிடித்துப் பழக்கி, ஒருவருடைய பிராணியோடு மற்றவருடைய பிராணியை மோதவிட்டுப் பதக்கம் வாங்குகிறார்கள். ஜப்பானில் சடோஷி என்றும் மற்ற நாடுகளில் ஆஷ் என்றும் அழைக்கப்படும் பையன்தான் கதாநாயகன். 1997ஆம் வருஷம் ஏப்ரல் 1ந் தேதி தொடங்கிய அவனுடைய பயணம் 2023 மார்ச்சில் முடிந்தது. இருபத்தாறு வருஷத்தில் ஆயிரத்து இருநூறு நிகழ்ச்சிகளுக்கு மேல் ஆகியும் அவனுக்கு வயது பத்துதான்! தொடர்கதை எழுதிப் பிழைக்கும் எனக்கே பொறாமையாக இருக்கிறது.

அந்த இருபத்தாறு வருஷமும், எங்கள் திண்ணையில் நடந்த இதே வழக்கைப் பல தேசத்து ரசிகர்கள் தங்களுக்குள் நடத்தி வந்திருக்கிறார்கள். தீர்ப்புச் சொல்லுமுன் வழக்கின் பூர்வோத்திரத்தை விசாரிக்க வேண்டும் அல்லவா? விசாரித்தேன்.

டோக்கியோ நகரத்தின் மேற்குப் பக்கம் மச்சிடா என்று ஓர் ஊர். 1965ல் பிறந்த சடோஷி தஜிரி அங்கே வளர்ந்தவர். அவருடைய பிள்ளைப் பிராயத்தில் அங்கே வயல்களும் குளங்களும் மரங்களும் இருந்தன. தஜிரிக்குப் பூச்சி பிடிப்பதில் அப்படி ஒரு பித்து. வண்டு பிடிக்க மற்றப் பிள்ளைகள் மரத்தில் தேனைப் பூசிவிட்டுக் காத்திருப்பார்களாம். இவரோ மரத்தடியில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போய்விடுவார். பகலில் கல்லுக்கடியில் தூங்க வரும் வண்டை மறுநாள் புரட்டி எடுத்துக் கொள்வார். கூட்டாளிகள் அவருக்கு 'டாக்டர் பூச்சி' என்று பட்டம் சூட்டினார்கள். பிறகு நகரம் பெருத்தது. குளத்தைத் தூர்த்தார்கள், வயல் இருந்த இடத்தில் கட்டடம் எழும்பியது. பூச்சிகள் போயின.

வாலிபரான தஜிரி வீடியோ விளையாட்டுகளில் மோகங்கொண்டு, 1983ல் 'கேம் ஃப்ரீக்' என்று ஒரு சிறு பத்திரிகை தொடங்கினார். சில வருஷத்தில் அதே பெயரில் விளையாட்டுகளைத் தயாரிக்கும் கம்பெனியும் வந்தது. அப்போது நிண்டெண்டோ நிறுவனம் 'கேம் பாய்' என்னும் கையடக்க யந்திரத்தை விற்று வந்தது. இரண்டு யந்திரங்களை ஒரு கம்பியால் இணைத்து இருவர் விளையாடலாம். அந்தக் கம்பியைப் பார்த்த தஜிரியின் மனக்கண்ணில், அதன் வழியே பூச்சிகள் ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்கு ஊர்ந்து போயினவாம்! அந்தக் கற்பனையை விளையாட்டாக்க ஆறு வருஷம் பிடித்தது. 1996 பிப்ரவரி 27ந் தேதி அது கடைக்கு வந்தது. வயலை இழந்த பிள்ளைகளுக்கு வயலின் சந்தோஷத்தைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார் என்று சொல்லலாம். தோற்ற பிராணி சாகாது, மயங்கித்தான் விழும் என்பதும் அவர் வேண்டுமென்றே வைத்த விதி. தோல்வியும் மரணமும் ஒன்றென்று குழந்தைகள் எண்ணிவிடக்கூடாது என்பது அவருடைய கவலை. 1999ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகைக்கு அளித்த பேட்டியில் இதைச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் பிடிப்பதும் அதைப் பற்றிய உறுத்தலும் தஜிரியோடு தொடங்கியவை அல்ல. பாடும் பூச்சிகளைச் சிறு கூண்டில் வைத்து விற்கும் வியாபாரம் ஜப்பானில் பழையது. கூடவே பௌத்த மதம் கொண்டு வந்த 'ஹோஜோ-எ' என்ற சடங்கும் உண்டு. பிடிபட்ட மீனையும் பறவையையும் ஆமையையும் விடுதலை செய்து புண்ணியம் தேடிக்கொள்வதே அந்தச் சடங்கு. 1857ல் ஹிரோஷிகே என்ற சித்திரக்காரர், இன்று டோக்கியோவாகிவிட்ட எடோ நகரத்தின் காட்சிகளை வரிசையாக வரைந்தபோது, ஃபுக்ககாவா பகுதியில் உள்ள மன்னென் பாலத்தையும் வரைந்தார். அந்தப் படத்தில் பாலத்தை எங்கே காணோம் என்று தேட வேண்டும். கண்ணுக்கு நேரே தெரிவது கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ஓர் ஆமை! தூரத்தில் ஃபூஜி மலை. ஆமை ஏன் தொங்குகிறது? விற்பனைக்கு. யாராவது காசு கொடுத்து வாங்கி ஆற்றில் விட்டுப் புண்ணியம் சம்பாதிப்பதற்காக அதைப் பிடித்து வந்து கட்டியிருக்கிறார்கள். விடுவதற்காகவே பிடிப்பது! எங்கள் திண்ணை வழக்கு முழுவதும் அந்த ஒரு கயிற்றில் தொங்குவதாகவே எனக்குப் பட்டது.

இந்த உறுத்தல் கார்ட்டூன் தொடரின் முதல் நாளிலேயே இருக்கிறது. பையன் காலையில் தூங்கிவிட்டுத் தாமதமாக ஓடுகிறான். நல்ல பிராணிகளை மற்றவர்கள் கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது பிக்காச்சு ஒன்றுதான். அதற்குப் பந்துக்குள் போகப் பிடிக்கவில்லை. பையன் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு அதைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போகிறான். பார்க்கவே கண்றாவியாக இருக்கிறது. பிறகு அவன் எறிந்த கல் ஒரு முரட்டுப் பறவை மேல் பட, கூட்டமே துரத்துகிறது. அடிபட்டுக் கிடக்கும் பிக்காச்சுவிடம், "பந்துக்குள் போய்விடு, அங்கே உனக்குப் பத்திரம்" என்று கெஞ்சிவிட்டுத் தானே பறவைகளுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்கிறான். பிக்காச்சு அப்போதும் பந்துக்குள் போகவில்லை. அவன் தோளில் ஏறித் தாவி மின்னலை விடுகிறது. அன்றிலிருந்து அது வெளியேதான் நடக்கிறது.

என் மருமகனின் கட்சிக்கு இதுதான் பெரிய சாட்சி. சிநேகிதன் விடுவானா? "ஒன்றுக்கு வெளியே நடக்கச் சுதந்திரம் கொடுத்தால் மற்றவை பந்துக்குள்ளே என்ன செய்கின்றன?" என்று கேட்டான். நல்ல கேள்வி. ஆசிரியர் கதாநாயகிக்கு மட்டும் நியாயம் செய்துவிட்டுத் தோழிகளை மறந்துவிடுவது எங்கள் தொழிலிலும் நடக்கிற காரியந்தான்.

பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெரியவர்களும் இதில் புகுந்தார்கள். 2012 அக்டோபரில் 'பீட்டா' என்ற பிராணி நல நிறுவனம், ரத்தக் காயத்தோடு நிற்கும் பிக்காச்சு மனிதர்களை எதிர்த்துக் கிளம்புவது போல் ஒரு கேலி விளையாட்டை வெளியிட்டது. (சல்லிக்கட்டு விவகாரத்தில் நமக்கும் அறிமுகமான அதே பீட்டாதான்.) ரசிகர்களுக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. ஆனால் வேடிக்கை என்னவென்றால், கேலி செய்தவர்கள் கேட்ட கேள்வியை விளையாட்டைத் தயாரித்தவர்கள் இரண்டு வருஷம் முந்தியே கேட்டுவிட்டார்கள்.

2010 செப்டம்பரில் ஜப்பானில் வெளிவந்த 'கறுப்பு', 'வெள்ளை' என்ற இரட்டை விளையாட்டில் ஓர் இளைஞன் வருகிறான். மனிதர்களால் துன்புற்ற பிராணிகளின் நடுவே வளர்க்கப்பட்டவன். அவற்றின் பேச்சு அவனுக்குப் புரியும். பிராணிகளையெல்லாம் விடுதலை செய்யுங்கள் என்று ஒரு கூட்டம் ஊர் ஊராகப் பிரசாரம் செய்கிறது. அவன்தான் அதற்கு ராஜா. அவனுடைய பெயர் ஒரே ஓர் ஆங்கில எழுத்து: 'என்'. உடைமையே கூடாது என்பவனுடைய பெயர் தமிழில் எழுதினால் 'என்னுடைய' என்று பொருள்படுவதை ஜப்பானியர்கள் அறிந்திருக்க நியாயமில்லை!

ஆஹா, கடைசியில் தைரியமாகக் கேட்டுவிட்டார்களே என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த நிமிஷமே சப்பென்று போய்விட்டது. அந்தக் கூட்டத்தை உண்மையில் ஆட்டி வைப்பவன் கெட்சிஸ் என்ற துஷ்டன். ஊரார் எல்லாரும் பிராணிகளை விட்டுவிட்டால், தான் ஒருவன் மட்டும் அவற்றை வைத்துக்கொண்டு உலகத்தை ஆளலாம் என்பது அவனுடைய திட்டம். திட்டம் வெளிப்பட்டவுடன் கேள்வியும் சேர்ந்து தோற்றுப் போகிறது. இந்தத் தந்திரம் எனக்குத் தெரியும், நானே செய்திருக்கிறேன். பதில் சொல்ல முடியாத கேள்வியை ஒரு பாத்திரம் கேட்டுவிட்டால், கேட்டவன் அயோக்கியன் என்று காட்டிவிடுவது கதாசிரியர்களுக்குச் சுலபமான வழி. அந்த இளைஞனையாவது கடைசி வரை நல்லவனாகவே விட்டார்களே, அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

தொடரின் உண்மையான பதில் அங்கே இல்லை. அது மிகப் பழைய ஒரு நிகழ்ச்சியில், 1997லேயே இருக்கிறது. வால் நுனியில் நெருப்பு எரியும் சார்மாண்டர் என்ற குட்டிப் பிராணி ஒரு பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. "இங்கேயே இரு, வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போன எஜமானன் வரவில்லை. மழை வருகிறது. வால் நெருப்பு அணைந்தால் அதன் உயிர் போய்விடும். அப்போதும் ஓர் இலையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. எஜமானனோ விடுதியில் தன் கூட்டாளிகளோடு சிரித்துக்கொண்டு, அதைக் கழற்றிவிட்ட சாமர்த்தியத்தைப் பற்றிப் பெருமையடித்துக் கொண்டிருக்கிறான். பையன் அதைக் காப்பாற்றுகிறான். பிற்பாடு எஜமானன் வந்து கூப்பிட்டபோது சார்மாண்டர் போகவில்லை.

அதே சார்மாண்டர் பெரிய பறக்கும் நாகமாக வளர்ந்த பிறகு, காப்பாற்றிய பையன் பேச்சையும் கேட்கவில்லை! போட்டியின் நடுவே சாவகாசமாகப் படுத்துக்கொண்டு அவனைத் தோற்க வைத்தது. பிறகு ஒரு நாள் அது பனியில் உறைந்து கிடந்தபோது, பையன் தன் கை புண்ணாகும்வரை இரவெல்லாம் அதைத் தேய்த்துச் சூடேற்றினான். அதற்கப்புறமே பணிந்தது. 'பணிவு பந்தால் வருவதல்ல' என்று என் மருமகன் இதைச் சாட்சிக்கு இழுத்தான். 'அதுவரை அது பந்துக்குள்தானே இருந்தது?' என்றான் மற்றவன்.

இங்கே என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எட்டு வயதில் நான் ஒரு பொன்வண்டு வளர்த்தேன். தீப்பெட்டிக்குள் கருவேல இலையைப் போட்டு, மூடியில் ஊசியால் துளை போட்டு, பள்ளிக்கூடத்துக்கும் கால்சட்டைப் பையில் எடுத்துப் போனேன். முட்டை போடும் என்று பெரிய பையன்கள் சொன்னதை நம்பி நாளைக்குப் பத்துத் தடவை திறந்து பார்த்தேன். அந்தப் பச்சைப் பளபளப்பை நான் நேசித்ததுபோல் அப்புறம் எதையும் நேசித்ததில்லை என்றே சொல்வேன். பிறகு அத்தை கல்யாணம் வந்தது. மூன்று நாள் பலகாரமும் பந்தலும் விளையாட்டுமாகப் போயிற்று. நாலாம் நாள் கால்சட்டையைத் துவைக்கப் போட்ட அம்மா, தீப்பெட்டியை என் கையில் கொடுத்து, "என்னடா இது?" என்றாள். திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கொல்லையில் அப்படியே புதைத்துவிட்டேன். பிடித்ததற்காக நான் இன்றுவரை வருந்தியதில்லை. அந்த மூன்று நாள்தான் இன்னும் என்னை விடவில்லை.

ஆகையால் ரசிகர்களுடைய மற்றொரு மனக்குறை எனக்கு உடனே விளங்கிவிட்டது. தொடரில் பையன் பல பிராணிகளை விட்டுவிடுகிறான். முதல் வருஷத்திலேயே பட்டர்ஃப்ரீ என்ற வண்ணத்துப்பூச்சி துணை தேடிக் கடல் தாண்டிப் போகிறது, அழுதுகொண்டே வழியனுப்புகிறான். அதைப் பார்த்து அழுத பிள்ளைகள் அநேகம். குறை சொன்னவர் யாருமில்லை. பிட்ஜியாட் என்ற பறவையின் கதை வேறு. 1999ல், காட்டிலே சிறு பறவைகளைக் காக்க அதை விட்டுவிட்டு, "திரும்பி வந்து உன்னை அழைத்துப் போவேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். தேசம் தேசமாகச் சுற்றினான், நூற்றுக்கணக்கான பிராணிகளைச் சந்தித்தான். வருஷங்கள் ஓடின. பந்தில் அடைத்ததை மன்னித்தவர்கள், சண்டை போட வைத்ததை மன்னித்தவர்கள், இந்த ஒரு வாக்கை மட்டும் மன்னிக்கவில்லை. பையனைப் பற்றிப் பேச்சு வந்தபோதெல்லாம், "பிட்ஜியாட் என்ன ஆயிற்று?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கேட்ட பிள்ளைகள் வளர்ந்து பிள்ளை பெற்ற பிறகும் கேட்டார்கள்.

பையனுடைய கதையை முடித்துவிடுவதென்று தீர்மானித்துத் தயாரித்த கடைசிச் சில நிகழ்ச்சிகள் 2023ல் வெளிவந்தன. அவற்றில் ஒன்றில் பழைய காட்டின் மேல் அந்தப் பறவை வந்தது. இருபத்து நாலு வருஷம் கழித்து! மருமகன் அதை எனக்குப் போட்டுக் காட்டினான். சிநேகிதனும் கூடவே உட்கார்ந்திருந்தான். பையனும் பறவையும் மறுபடி ஒன்று சேர்ந்தார்கள்.

"பார்த்தீங்களா மாமா, வந்துட்டான்" என்றான் என் மருமகன்.

சிநேகிதன் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பறவைதானேடா வந்தது?" என்றான்.

இருவரும் மறுபடி திண்ணைக்குப் போய்விட்டார்கள். என் தீர்ப்பை யாரும் கேட்கவில்லை.